பைடன் போன் பண்ணார்... ஓட்டு போடாதேன்னார்!

உங்களுக்கு அமெரிக்க ஜனாதிபதி என்னிக்காவது போன் பண்ணியிருக்காரா? எங்க சித்திக்குப் பண்ணியிருக்கார். அதுவும் தோசை ஊத்திக்கிட்டிருக்கும்போது!

2024 ஜனவரி 21, ஞாயித்துக்கிழமை. இடம், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல இருக்கற நாஷுவா நகரம். வெளியே பனி, உள்ளே தோசைக்கல். போன் அடிக்குது. சித்தி ஸ்பீக்கர்ல போடறாங்க. எதிர்முனையில் சாட்சாத் ஜோ பைடன்! டிவியில் கேக்கற அதே குரல். 'வர்ற செவ்வாய்க்கிழமை பிரைமரியில் ஓட்டு போடாதீங்க, உங்க ஓட்டை நவம்பருக்குப் பத்திரமா வெச்சுக்குங்க'ங்கற ரேஞ்சுக்குப் பேசிட்டு கட் பண்ணிட்டார்.

சித்தி கரண்டியோட ஹாலுக்கு வந்து, "என்னங்க... பைடன் பேசினார். ஓட்டு போட வேணாங்கறார்"னு சொல்லியிருக்காங்க. சித்தப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாராம்: "ஒரு வருஷமா எல்லாரும் ஓட்டு போடு, ஓட்டு போடுன்னு உயிரை எடுத்தாங்க. வேணாம்னு சொன்ன முதல் ஆளு இவர்தான். நல்ல மனுஷன்!"

தோசை கருகினது தனிக்கதை.

போன்ல பேசினது பைடன் இல்லைங்கறது இப்ப ஊருக்கே தெரியும். ஏ.ஐ. வெச்சு செஞ்ச போலிக் குரல். ஆனா, அந்தப் போன் வந்த மாநிலம் எது, வந்த நேரம் எது, 'ஓட்டு போடாதே'ன்னு அதுக்கு முன்னாடியே வேற யார் யார் சொன்னாங்கன்னு தெரிஞ்சாதான் இதுல இருக்கற காமெடி புரியும். அதனால கொஞ்சம் பின்னாடி போயிட்டு வருவோம். நான் படிக்கறது இ.சி.இ. மூணாம் வருஷம். அரசியல் பாடம் எனக்கு சிலபஸ்லயே இல்லை. இதுல பாதி, சித்தப்பா வாட்ஸ்அப் கால்ல எடுத்த ஸ்பெஷல் கிளாஸ்.

விருப்ப மனு... அமெரிக்க ஸ்டைல்!

நம்ம ஊர்ல தேர்தல் வந்தா கட்சி ஆபீஸ்ல விருப்ப மனு வாங்குவாங்க. பணம் கட்டணும். அப்புறம் தலைமை நேர்காணல் நடத்தும். ஒருநாள் ராத்திரி லிஸ்ட் வரும். உங்க தொகுதிக்கு யாருன்னு மறுநாள் பேப்பர்ல பார்த்துக்கலாம். அந்த நேர்காணலைத் தலைமை நடத்தாம ஊர் ஜனங்களே நடத்தினா எப்படி இருக்கும்? அதுதாங்க பிரைமரி. குடியரசுக் கட்சிக்கு யாரு, ஜனநாயகக் கட்சிக்கு யாருன்னு ஒவ்வொரு மாநிலமா ஓட்டு போட்டுச் சொல்லணும். அதை வெச்சு கட்சி மாநாட்டுல யாருக்கு எத்தனை பிரதிநிதிகள்னு முடிவாகும். ஜனவரியில் ஆரம்பிச்சு ஜூன் வரைக்கும் இழுக்கும் இந்த மெகா சீரியல்.

சீரியலோட முதல் எபிசோடு மேல எல்லாருக்கும் ஒரு கண்ணு இருக்கும் இல்லையா? அந்த முதல் எபிசோடு நியூ ஹாம்ப்ஷயர். (அதுக்கு ஒரு வாரம் முன்னாடி அயோவா மாநிலத்துல ஒண்ணு நடக்கும். ஆனா அது 'காக்கஸ்', ஊர் கூடிப் பேசி முடிவெடுக்கற கூட்டம். ஓட்டுச்சீட்டுத் தேர்தல்னா நியூ ஹாம்ப்ஷயர்தான் ஃபர்ஸ்ட்னு அந்த ஊர்க்காரங்க கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணாத குறையா சொல்வாங்க.) 1916-லேயே பிரைமரி ஆரம்பிச்சாங்க, 1920-லிருந்து நாட்டுலயே முதல் இடம். மார்ச் மாசம் வருஷாந்திர ஊர்க்கூட்டம் நடக்கற நாள்லயே பிரைமரியையும் வெச்சுட்டாங்க. எதுக்காம்? ஊர் மண்டபத்தை ரெண்டு தடவை சூடு பண்ணினா விறகு செலவாகுமேன்னுதான்னு அந்த ஊர்ல ஒரு கதை சொல்றாங்க. இப்படிக் கஞ்சத்தனத்துல கிடைச்ச முதல் இடத்தை 1975-ல சட்டமாவே ஆக்கிட்டாங்க. வேற எந்த மாநிலம் இதே மாதிரி தேர்தல் வெச்சாலும், அதுக்குக் குறைஞ்சது ஏழு நாள் முன்னாடி நாங்க வெச்சுடுவோம்ங்கறதுதான் சட்டம். எல்.கே.ஜி-யில வரிசையில் முதல்ல நிக்க அடிச்சுக்குவோமே, அதேதான். என்ன, இங்க சட்டசபைத் தீர்மானத்தோட!

அந்த மாநிலத்து ஜனத்தொகை 14 லட்சம் சொச்சம்தான். நம்ம மதுரையையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்தா வந்துடும். அதுக்கு மாநிலக் கீழ்சபையில் மட்டும் 400 உறுப்பினர்கள்! வருஷச் சம்பளம் 100 டாலர். "இங்க தெருவுல கல்லெறிஞ்சா ஒரு எம்.எல்.ஏ. மேலதான்டா விழும். எங்க தெருக்கோடி வீட்டுத் தாத்தா ஒரு எம்.எல்.ஏ. அவர் வாசல் பனியை அவரேதான் வாருவார்"ங்கறார் சித்தப்பா.

'இன்னும் முடிவு பண்ணலை... ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன்!'

நீங்க நியூ ஹாம்ப்ஷயர் வோட்டர்னு கொஞ்ச நேரம் நினைச்சுக்குங்க. தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்னாடியே உங்க வாழ்க்கை மாறிடும். டீக்கடை மாதிரி இருக்கற டைனர்ல உக்காந்து முட்டை சாப்பிட்டுக்கிட்டிருப்பீங்க. பக்கத்துல ஒரு செனட்டர் வந்து உக்காருவார். மான்செஸ்டர்ல 'ரெட் ஆரோ'ன்னு ஒரு டைனர், வேட்பாளர்கள் கும்பிட்டுட்டுப் போற கோயில் மாதிரி. செயின்ட் ஆன்செல்ம் காலேஜ்ல 'பாலிடிக்ஸ் அண்ட் எக்ஸ்'னு ஒரு காலை டிபன் கூட்டம் நடக்கும். வேட்பாளருங்க அங்க வந்து பேசிட்டு, மரத்துல செஞ்ச முட்டையில் கையெழுத்துப் போட்டுத் தரணும். ஆமா, மரமுட்டை! நாளைக்கு அணுகுண்டு பட்டனுக்குப் பக்கத்துல உக்காரப் போற கை, இன்னிக்கு முட்டையில் கையெழுத்துப் போடுது.

அந்த ஊர்ல ரொம்ப நாளா ஓடற ஒரு ஜோக் இருக்கு. "இந்த வேட்பாளருக்கு ஓட்டு போடுவீங்களா?"ன்னு ஒருத்தரைக் கேட்டாங்களாம். "இன்னும் முடிவு பண்ணலைங்க, அவரை ரெண்டு தடவைதான் நேர்ல பார்த்திருக்கேன்"னாராம். சித்தப்பா இதை ஜோக்காவே ஒத்துக்க மாட்டேங்கறார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இதையே சீரியஸா சொன்னான்டா!"

சித்தப்பாவுக்கும் ஒரு கைகுலுக்கல் அனுபவம் இருக்கு. 2019-ல ஜனநாயகக் கட்சியில் மட்டும் இருபதுக்கும் மேல வேட்பாளர்கள் களத்துல இருந்தாங்க. லைப்ரரிக்குப் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போன சித்தப்பா கையை ஒரு வேட்பாளர் இறுக்கமாப் பிடிச்சுக்கிட்டு, மருத்துவக் காப்பீடு பத்தி நாலு நிமிஷம் பேசியிருக்கார். சித்தப்பாவும் தலையாட்டிக் கேட்டுட்டு, "நான் கிரீன் கார்டுங்க. எனக்கு ஓட்டு இல்லை"ன்னு உண்மையைச் சொல்லியிருக்கார். "அந்தக் கை எப்படிடா அவ்வளவு சீக்கிரம் தளர்ந்தது! ஆனா சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதுக்கு ட்ரெய்னிங் கொடுப்பாங்க போல!"

இப்ப அவரும் சிட்டிசன். சித்தி அவருக்கு முன்னாடியே ஆயிட்டாங்க. ஆனவுடனே ஜனநாயகக் கட்சி வோட்டரா பதிவும் பண்ணிட்டாங்க. சித்தப்பா உஷார் பார்ட்டி. 'அன்டிக்ளேர்ட்', அதாவது எந்தக் கட்சியும் இல்லைன்னு பதிஞ்சு வெச்சிருக்கார். அந்த மாநிலத்துல பத்துல நாலு பேர் கிட்டத்தட்ட இந்த ரகம்தான். இதுல ஒரு சலுகை இருக்கு. பிரைமரி அன்னிக்கு வாக்குச்சாவடிக்குப் போய் எந்தக் கட்சி சீட்டு வேணுமோ கேட்டு வாங்கிக்கலாம். வாங்கின நிமிஷத்துல அந்தக் கட்சிக்காரர் ஆயிடுவீங்க. ஓட்டு போட்டுட்டு, வெளியே வரும்போது ஒரு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டா மறுபடியும் கட்சியில்லாதவர். "நான் வருஷம் பூரா யாரும் இல்லை. கால் மணி நேரம் மட்டும் கட்சிக்காரன். நம்ம ஊர்ல கட்சி தாவறதுக்கு இவ்வளவு நேரம்கூட ஆகாதே"ங்கறார்.

ஒரே வீட்டுல ரெண்டு ரகம் வோட்டர் இருந்தா தபால் பெட்டி என்ன ஆகும்? சித்திக்கு ஜனநாயகக் கட்சி நோட்டீஸ். சித்தப்பாவுக்கு ரெண்டு கட்சி நோட்டீஸும். குடியரசுக் கட்சியில் அப்போ டிரம்பா, நிக்கி ஹேலியான்னு போட்டி. ஒரு நோட்டீஸ்ல ஹேலி தேவதை, இன்னொண்ணுல அதே ஹேலி அதே போட்டோவோட வில்லி. தேவதை கலர்ல, வில்லி கறுப்பு வெள்ளையில. பாஸ்டன் டிவி சேனல்களும் அங்க தெரியும்ங்கறதால விளம்பரம் ரெண்டு ஊர்லேர்ந்தும் கொட்டும். வாசல்ல நட்டு வெச்ச பேர்ப்பலகைகளை ராத்திரி பனி வாரற வண்டி வந்து கட்சி பேதமே பார்க்காம மூடிட்டுப் போயிடும். "அதுதான் இங்க நடுநிலை"ன்னார் சித்தப்பா.

சும்மா சொல்லக்கூடாது, இந்தத் தேர்தல்ல சீட்டு வாங்கறதும் ஈஸி. ஆயிரம் டாலர் கட்டினா ஓட்டுச்சீட்டுல உங்க பேர் வரும். 2024-ல ரெண்டு கட்சியிலும் சேர்த்து 45 பேர் கட்டியிருந்தாங்க. இப்படி வந்த ஒரு சூப்பர் ஸ்டார்தான் வெர்மின் சுப்ரீம். தலையில் ஒரு பெரிய பூட்ஸைக் கவுத்து மாட்டிக்கிட்டு வருவார். ஆட்சிக்கு வந்தா ஒவ்வொரு அமெரிக்கருக்கும் ஒரு குட்டிக் குதிரை இலவசம், பல் தேய்க்கறது கட்டாயச் சட்டம். சிரிக்காதீங்க பாஸ். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வாங்கின ஊர்க்காரங்க நாம, குதிரையைப் பார்த்து மட்டும் சிரிக்கக் கூடாது!

காசு கொட்டினா மட்டும் ஜெயிச்சுட முடியுமான்னா, அதுவும் இல்லை. 2016-ல ஜெப் புஷ். அப்பா ஜனாதிபதி, அண்ணன் ஜனாதிபதி, பின்னாடி பத்து கோடி டாலருக்கும் மேல திரட்டின குழு. ஹனோவர்ங்கற ஊர்ல ஆவேசமாப் பேசி முடிச்சார். கூட்டம் கம்முனு இருந்தது. "தயவுசெஞ்சு கைதட்டுங்க"ன்னு அவரே கேட்டு வாங்கினார். முடிவுல நாலாவது இடம்.

முதல்ல சொன்னது கட்சி!

இப்ப போன் மேட்டருக்கு வருவோம். 2020 பிரைமரியில் நியூ ஹாம்ப்ஷயர் மக்கள் பைடனுக்குக் கொடுத்தது அஞ்சாவது இடம். நூத்துக்கு எட்டு ஓட்டு சொச்சம். ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே அவர் சவுத் கரோலினாவுக்குக் கிளம்பிட்டார். அங்க கறுப்பின மக்கள் ஓட்டுகள்தான் அவரைத் தூக்கி நிறுத்துச்சு, ஜனாதிபதியும் ஆனார். அடுத்த தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சித் தலைமை ரூல்ஸை மாத்துச்சு. 'இனிமே சவுத் கரோலினாதான் ஃபர்ஸ்ட். தேதி 2024 பிப்ரவரி 3.' காரணம் நியாயமாத்தான் சொன்னாங்க. நியூ ஹாம்ப்ஷயர்ல பத்துல ஒம்பது பேர் வெள்ளைக்காரங்க, அவங்களை மட்டும் வெச்சு நாட்டோட மனசை எடை போடலாமா? கேள்வி சரிதான், எனக்கே சரின்னுதான் படுது. ஆனா, தன்னை அஞ்சாவதா ஆக்கின மாநிலத்தை எடுத்துட்டு, ஜெயிக்க வெச்ச மாநிலத்தை முன்னால வெச்சா ஊர்ல நாலு பேர் என்ன பேசுவாங்களோ அதைத்தான் அங்கயும் பேசினாங்க.

நியூ ஹாம்ப்ஷயர் விடுமா? அதான் 1975 சட்டம் இருக்கே! ஜனவரி 23-னு தேதி குறிச்சுட்டாங்க. கடுப்பான பைடன் தரப்பு, அந்த மாநிலத்துச் சீட்டுல அவர் பேரையே கொடுக்கலை. ஜனநாயகக் கட்சி ஓட்டுச்சீட்டுல 21 பேர் இருக்காங்க, பதவியில் இருக்கற ஜனாதிபதி மட்டும் இல்லை! தேர்தலுக்கு மூணு வாரம் இருக்கும்போது கட்சியின் தேசியக் குழு மாநிலக் கட்சிக்கு ஒரு கடிதம் போட்டுச்சு. இந்தத் தேர்தல் 'அர்த்தமில்லாதது'ன்னு மக்களுக்குப் புரிய வைங்கன்னு! உடனே மாநில அட்டர்னி ஜெனரல் ஆபீஸ், 'மக்களை ஓட்டுப் போட விடாமத் தடுக்கற மாதிரி இப்படியெல்லாம் சொல்றதை நிறுத்துங்க'ன்னு தேசியக் குழுவுக்கே நோட்டீஸ் விட்டுச்சு.

சித்திக்குத்தான் குழப்பம். கதவைத் தட்டின தொண்டர், 'உங்க ஓட்டு ரொம்ப முக்கியம்'னார். கட்சித் தலைமை 'அர்த்தமே இல்லை'ன்னுச்சு. மாநில அரசாங்கம் 'அப்படிச் சொல்லாதே'ன்னுச்சு. சரி, சித்தப்பா மாதிரி அந்தப் பக்கம் போய் டிரம்புக்கு எதிரா ஹேலிக்குப் போடலாமான்னா, கட்சி மாறக் கடைசித் தேதி 2023 அக்டோபர்லயே முடிஞ்சுபோச்சு. மிச்சம் இருந்த வழி, 'ரைட்-இன்'. சீட்டுல கடைசியா ஒரு காலிக் கோடு இருக்கும். அதுல நமக்குப் பிடிச்சவர் பேரைக் கையால எழுதி, பக்கத்துல இருக்கற வட்டத்தை நிரப்பணும். பைடன் பேரை எழுதச் சொல்லி உள்ளூர்க்காரங்களே அட்டை பிடிச்சுக்கிட்டுப் பனியில நின்னாங்க.

எழுதறது அவங்களுக்குப் புதுசு இல்லை. 1964-ல ஹென்றி கேபட் லாட்ஜ், வியட்நாம்ல தூதரா இருந்தார். ஊர்ப்பக்கமே வரலை. பேரை எழுதியே ஜெயிக்க வெச்சாங்க. 1968-ல ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், இதே பைடன் மாதிரி சீட்டுல பேர் இல்லாமலே ஜெயிச்சார். ஆனா 49-க்கு 42-ங்கற கணக்குல மூச்சுத் திணறி ஜெயிச்சார். அந்த மாசக் கடைசியிலேயே போட்டியிலிருந்து விலகிட்டார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வரும்.

இந்தக் கலாட்டாவுக்கு நடுவுலதான் அந்த ஞாயித்துக்கிழமை போன். தேர்தலுக்கு ரெண்டே நாள். ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் பல ஆயிரம் பேருக்கு ஒரே குரல். சித்திக்கு ஏன் உடனே சந்தேகம் வரலை தெரியுமா? "பதினஞ்சு நாளைக்கு முன்னாடி அவங்க கட்சியே அர்த்தமில்லைன்னு சொல்லிச்சே! அதான் இவரும் போன் பண்ணிச் சொல்றார் போலன்னு நினைச்சேன்"னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போலிக் குரல் மட்டும் ஏமாத்தலை. அது நம்பற மாதிரி இருக்கறதுக்கு நிஜக் குரல்கள் முன்னாடியே ரோடு போட்டு வெச்சிருந்தது.

அடுத்த நாளே குட்டு உடைஞ்சுது. போலின்னு அட்டர்னி ஜெனரல் அறிவிச்சார். பின்னாடி இருந்தது ஒரு அரசியல் ஆலோசகர். குரலைச் செஞ்சு கொடுத்தது நியூ ஆர்லியன்ஸ்ல இருக்கற ஒரு மேஜிக் நிபுணர். கூலி 150 டாலர். செஞ்சு முடிக்க 20 நிமிஷம்கூட ஆகலை, செலவு ஒரு டாலர்னு அவரே டிவிக்குப் பேட்டி கொடுத்தார். என் மினி புராஜெக்ட்டுக்கே அதைவிட அதிகமா செலவாச்சு!

அவ்வளவு ஈஸியான்னு ஹாஸ்டல்ல நாங்களும் டெஸ்ட் பண்ணினோம். என் ரூம்மேட் என்னோட வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் சிலதை எடுத்து என் குரலைச் செஞ்சான். கேட்டா எனக்கே பயம். அதை வெச்சு எங்க அம்மாவுக்குப் போன்: 'அம்மா, சாப்பிட்டியா? அவசரமா ஐநூறு ரூபா அனுப்பும்மா.' அம்மா ரெண்டே செகண்டுல, "யாருடா நீ? என் புள்ளை என்னிக்கு என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டிருக்கான்?"னு கேட்டுட்டாங்க. ஐநூறும் போச்சு, மானமும் போச்சு. ஆனா பைடனை யாரும் அம்மா மாதிரி கூட இருந்து வளர்க்கலையே, எப்படிக் கண்டுபிடிக்கறது?

சித்தியின் பேனா

ஜனவரி 23, செவ்வாய். நாட்டோட முதல் ஓட்டு ராத்திரி 12 மணிக்கு டிக்ஸ்வில் நாட்ச்ங்கற குட்டியூண்டு ஊர்ல விழுந்துச்சு. 1960-லிருந்து அங்க நடக்கற வழக்கம். மொத்த வோட்டர் ஆறு பேர். அதைப் படம் பிடிக்க வந்த பத்திரிகைக்காரங்க அதைவிடப் பல மடங்கு. ஆறுக்கு ஆறும் ஹேலிக்கே! அப்படியே மாநிலம் பூரா ஹேலிதான்னு நினைச்சுடாதீங்க. டிரம்ப் 54 சதவிகிதம், ஹேலி 43. சித்தப்பாவோட கால் மணி நேரக் கட்சி வாழ்க்கை அந்த 43-ல அடங்கும். எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ரொம்பக் கொண்டாடின விவேக் ராமசாமி, அயோவாவுல அடி வாங்கினதுமே விலகிட்டார். சீட்டுல மட்டும் பேர் இருந்துச்சு.

சித்தி போனாங்களா? போனாங்க. வார்டு வாக்குச்சாவடியில் வரிசையில் நின்னு, பேர் சொல்லி, ஐ.டி. காட்டி, சீட்டு வாங்கி, 21 பேரையும் ஒரு தடவை படிச்சுட்டு, காலிக் கோட்டுல எழுதினாங்க. "என்ன நினைச்சுக்கிட்டு சித்தி எழுதினீங்க?"ன்னு நான் பில்டப்போட கேட்டேன். "ஸ்பெல்லிங் சரியா இருக்கணுமேன்னுதான்"னாங்க.

அன்னிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க அதே கோட்டுல மனுஷன் பேரே எழுதலை. 'சீஸ்ஃபயர்', அதாவது போர்நிறுத்தம்னு எழுதிட்டு வந்தாங்க. காஸாவுல நடந்த போரை நிறுத்தணுங்கற கோரிக்கை. ஜெயிக்காதுன்னு தெரியும். ஆனா அரசாங்கம் அதையும் தனியா எண்ணி ரிசல்ட்ல போட்டுச்சு. 'அர்த்தமில்லாத' தேர்தல்ல, பேனாவை எடுத்து வந்த இவங்களைப் பத்தி சித்தப்பா மட்டும் கிண்டல் பண்ணவே இல்லை.

சீட்டுல பேரே இல்லாத பைடன், எழுதின ஓட்டுலயே 60 சதவிகிதத்துக்கு மேல வாங்கி ஜெயிச்சார். அப்புறம் என்னாச்சு? மார்ச் 6-ம் தேதி ஹேலி விலகல். சித்தப்பா ஓட்டு காலி. ஜூலை 21-ம் தேதி பைடனும் விலகல். சித்தி ஓட்டும் காலி! 1968-ஐ ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன்ல? அதே மாநிலம், அதே எழுதிப் போட்ட ஓட்டு, அதே மாதிரி பாதியில் இறங்கின ஜனாதிபதி. அந்த இடத்துக்கு வந்தவர் நம்ம துளசேந்திரபுரம் பேனர்ல சிரிச்ச கமலா ஹாரிஸ். 2020 தேர்தலுக்கு நின்னப்ப, முதல் ஓட்டு விழறதுக்கு முன்னாடியே, 2019 டிசம்பர்லயே விலகினவர். 2024-ல பிரைமரியில் நிக்காமலே கட்சி வேட்பாளர் ஆனவர். "ஒரு வருஷம் நேர்காணல் நடத்தினோம். கடைசியில வேலைக்கு வந்தது அப்ளிகேஷனே போடாத பொண்ணு"ன்னார் சித்தப்பா. நவம்பர்ல ஜெயிச்சது டிரம்ப். அது உங்களுக்கே தெரியும்.

போன் பண்ணின ஆலோசகர்? மத்திய அரசின் தகவல் தொடர்பு ஆணையம் அவருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் போட்டுச்சு. ஏ.ஐ. குரல்ல அனுமதியில்லாம இப்படி தானியங்கிப் போன் பண்றது சட்டவிரோதம்னு 2024 பிப்ரவரியிலேயே அறிவிச்சுட்டாங்க. ஏ.ஐ. ஆபத்தைப் பத்தி எச்சரிக்கத்தான் அப்படிச் செஞ்சேன்னார் அந்த ஆள். நியூ ஹாம்ப்ஷயர் கோர்ட்ல அவர் மேல 22 குற்றச்சாட்டு. 2025 ஜூன்ல ஜூரிங்க எல்லாத்துலேர்ந்தும் விடுதலை பண்ணிட்டாங்க!

அவர் தரப்பு வெச்ச வாதங்கள்ல ஒண்ணைத்தான் கேளுங்களேன். கட்சித் தலைமையே அங்கீகரிக்காத வெறும் கருத்துக்கணிப்பு மாதிரியான ஒண்ணு அது, நிஜத் தேர்தலே இல்லை, அப்புறம் வோட்டரைத் தடுத்தேன்னு எப்படிச் சொல்லலாம்ங்கறதுதான். ஜூரி எதை நம்பி விட்டாங்கங்கறது அவங்களுக்குத்தான் வெளிச்சம். ஆனா இதைச் சொன்னதும் சித்தி முகம் மாறிடுச்சு, வீடியோ கால்லயே தெரிஞ்சுது. "அப்போ நான் லைன்ல நின்னது எதுக்காம்?"

இத்தனைக்கும், நியூ ஹாம்ப்ஷயர் பிரதிநிதிகளைக் கடைசியில மாநாட்டுல உக்கார விட்டுட்டாங்க. சண்டை போட்ட கட்சிக்காரங்க ராசியாயிட்டாங்க. சித்தியோட கேள்விக்குத்தான் யாரும் பதில் சொல்லலை.

கடைசியா, "2028-ல ஓட்டு போடுவீங்களா சித்தி?"ன்னு கேட்டேன். சித்தி யோசிக்கறதுக்குள்ள சித்தப்பா பின்னாடியிருந்து, "போன்ல யாராவது வேணாம்னு சொன்னா கண்டிப்பா போடுவா!"ன்னார்.

"ஆமா, போடுவேன்"னாங்க சித்தி. "அந்த நேரம் பார்த்துத் தோசை மட்டும் ஊத்த மாட்டேன்."